200 கி.மீ. பிரெவேயில் பாதி வழியில் உடல் நின்றுபோனது: நெடுந்தூரப் பயிற்சிக்கு நம் ஊர்ச் சாப்பாடு போதுமா?

கொளத்தூர் மிதி | ஞாயிறு, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். வயது 44, எடை 71 கிலோ. அலுவலகம் போய்வர சைக்கிளை எடுத்தேன். இரண்டே வருடங்களில் அது நெடுந்தூர ஆசையாக வளர்ந்துவிட்டது. போன வாரம் என் முதல் 200 கி.மீ. பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம். திருவான்மியூரில் விடியற்காலை 5 மணிக்குப் புறப்பாடு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் உப்பளம் வரை போய்த் திரும்ப வேண்டும். பதின்மூன்றரை மணி நேரம் அவகாசம்.

போகும்போது காற்று முதுகைத் தள்ளியது. மாமல்லபுரத்தை 7 மணிக்குள் கடந்துவிட்டேன். மரக்காணத்தில் சைக்கிளைத் திருப்பியதும் வாடைக்காற்று முகத்துக்கு நேரே வந்தது. அப்போதும் கால் நன்றாகத்தான் இருந்தது. கூவத்தூர் நெருங்கும்போது, ஏறக்குறைய 130வது கிலோமீட்டரில், காது அடைத்துக்கொண்டது. கை நடுங்கியது. கியரை மாற்ற விரல் வரவில்லை. சாலையோரப் புளியமரத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தவன் இருபது நிமிடம் எழுந்திருக்கவில்லை. எங்கே இருக்கிறேன், வீட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று யோசிக்கக்கூட முடியவில்லை. எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மா பார்த்துவிட்டு, சர்க்கரை தூக்கலாகப் போட்டு ஒரு டீயும் இரண்டு பன்னும் கொண்டுவந்து கொடுத்தார். "முதல்ல இதைச் சாப்பிடு, அப்புறம் பேசு" என்றார். கால் மணி நேரத்தில் கண் தெளிந்தது. 12 மணி 50 நிமிடத்தில் முடித்தேன். அந்தப் புளியமரத்தடியை மட்டும் மறக்க முடியவில்லை.

மார்ச்சில் 300 கி.மீ. இருக்கிறது. விழுப்புரம் போய்த் திரும்ப வேண்டும், 20 மணி நேரம் அவகாசம். பாக்கெட்டில் வரும், ஓட்டும்போது தெம்பு தரும் வெளிநாட்டு ஜெல்லும் மாவும் வாங்கச் சொல்கிறார்கள். என் வயிற்றுக்கு இட்லியும் சோறும் பழமும்தான் ஒத்துக்கொள்கின்றன. இவற்றை வைத்தே 300 ஓட்ட முடியுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எதிர்காற்று | ஞாயிறு, இரவு 10.15

முடியும். நான் 200, 300, 400, 600 நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தபோது ஒரு ஜெல்கூட வாங்கவில்லை. ஆனால் பதில் சொல்வதற்கு முன் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். முதல் நாள் இரவு தொடங்கி அந்தப் புளியமரம் வரை வாயில் போட்டது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதுங்கள். நேரத்தோடு எழுதுங்கள்.

கொளத்தூர் மிதி | ஞாயிறு, இரவு 10.50

எழுதுகிறேன் அண்ணா.

முதல் நாள் இரவு 8 மணிக்கு இரண்டு சப்பாத்தி, கொஞ்சம் கீரை. விடியற்காலை 4 மணிக்கு இரண்டு இட்லி, ஒரு காபி. 7.30 மணிக்கு ஓர் இளநீர். 9 மணிக்கு ஒரு கடலை மிட்டாய். மரக்காணத்தில் 10 மணிக்கு இன்னோர் இளநீர். அங்கே பூரி சுடச்சுடப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ப் பண்டம் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டேன். கல்பாக்கத்தில் மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது எண்ணம். அதற்கு முன்பே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தேன், மூன்று லிட்டருக்கு மேல் இருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் அறிவுறுத்திய பிறகுதான் சைக்கிளுக்கு வந்தேன். 83 கிலோவிலிருந்து 71க்கு இறங்கியிருக்கிறேன். அதனால் சாப்பிடுவதற்கே ஒரு பயம் வந்துவிட்டது. ஓட்டுகிற அன்று குறைவாகச் சாப்பிட்டால் கொழுப்பு நிறையக் கரையும் என்று நினைத்திருந்தேன்.

எதிர்காற்று | திங்கள், காலை 6.20

கடைசிப் பத்தியில் நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். கணக்கைப் பார்ப்போம்.

நடுத்தர அளவு இட்லி ஒன்றில் மாவுச்சத்து சுமார் 12 கிராம். இரண்டு இட்லிக்கு 24. காபியில் போட்ட சர்க்கரை 10. இரண்டு இளநீரும் சேர்ந்து 20. கடலை மிட்டாய் 12. மொத்தம் 66 கிராம். புறப்பட்டதிலிருந்து நீங்கள் உட்காரும்வரை ஏறக்குறைய ஏழு மணி நேரம். அதாவது ஒரு மணி நேரத்துக்குப் பத்து கிராம்கூட வரவில்லை.

உங்கள் எடைக்கு, அந்த வேகத்தில், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 500 கலோரி செலவாகும். ஏழு மணி நேரத்துக்கு 3500. உடலில் மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும். தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். எல்லாம் நிரம்பியிருந்தாலே அது 2000 கலோரிதான். இரவு முழுவதும் மூளை கல்லீரலின் இருப்பிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு சப்பாத்தியோடு படுத்தவருக்கு விடியும்போது அந்த இருப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கும்? மீதியைக் கொழுப்பு தருகிறது, உண்மைதான். ஆனால் கொழுப்பு மெதுவாக எரியும், எதிர்காற்றில் வேகத்தைக் கூட்டும்போது அது ஈடுகொடுக்காது. இரத்தத்தில் சர்க்கரை இறங்கியதும் முதலில் தடுமாறுவது மூளை. எங்கே இருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

ஓட்டும்போது ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பிரெவே வேகத்துக்கு 45 முதல் 60 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பசிக்காகக் காத்திருக்கக் கூடாது. முதல் அரை மணியிலேயே தொடங்கிவிட வேண்டும். நான் கைப்பேசியில் இருபது நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்க வைத்திருக்கிறேன். அடித்ததும் ஒரு வாய், ஒரு மடக்கு. பசி இருக்கிறதா இல்லையா என்று வயிற்றைக் கேட்பதில்லை.

எடை குறைப்பு சைக்கிள் ஓட்டாத நாள்களின் வேலை. ஓட்டுகிற நாளில் பட்டினி போட்டால் அன்று மாலையே அகோரப் பசியில் வட்டியோடு சாப்பிட்டுவிடுவீர்கள்.

பூவன் | திங்கள், காலை 8.05

நான் கல்லூரி விடுதியில் இருக்கிறேன். மேலே சொன்ன கணக்குக்கு என்னுடைய விடை வாழைப்பழம். ஒரு பூவன் பழத்தில் சுமார் 15 கிராம், மணிக்கு மூன்று. சட்டையின் முதுகுப் பையில் நான்கு வைக்கலாம், தீர்ந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் தொங்குகிறது. ரஸ்தாளி சீக்கிரம் நசுங்கிவிடும்.

நெய்தல் | திங்கள், இரவு 11.30

இரவுப் பணி முடிந்து வந்து படிக்கிறேன். நான் செவிலியர், ஞாயிறுதோறும் முட்டுக்காடு வரை ஓட்டுபவள். மாவுச்சத்தைப் பற்றி எதிர்காற்று அண்ணா சொல்லிவிட்டார். எனக்கு உறுத்துவது, "தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தேன்" என்ற வரி.

சென்னை வெக்கையில் வியர்வை ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டரைத் தாண்டுவது சாதாரணம். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப்போகிறது, உடலும் குளிர்வதில்லை. ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் அளவுக்குச் சோடியம் போய்விடுகிறது. ஆளுக்கு ஆள் இது மிகவும் மாறும். கறுப்புச் சட்டை காய்ந்ததும் வெள்ளைக் கோடு படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் நீங்கள் உப்பு அதிகம் இழக்கிறவர். அந்த நிலையில் வெறும் தண்ணீராகக் குடித்துக்கொண்டே போனால் இரத்தத்தில் இருக்கிற உப்பும் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், பிறகு குழப்பம், கடைசியில் வலிப்புவரை போகலாம். தாகம் என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பார்கள், அதுதான் ஆபத்து.

இளநீர் நல்லது, ஆனால் அதில் மிகுதியாக இருப்பது பொட்டாசியம். சோடியம் குறைவு. வியர்வைக்கு ஈடாக இளநீரை மட்டும் நம்பக் கூடாது. நான் இளநீர் குடிக்கும்போது ஒரு சிட்டிகை உப்பு கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வேன். மோரில் உப்பு போட்டு, இஞ்சி தட்டிப்போட்டுக் குடிப்பது இன்னும் மேல்.

ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) வாங்குவதானால் உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு உறையில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த அளவில் ஒரு லிட்டருக்கான பொட்டலம் 20.5 கிராம், அதில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டாதீர்கள். கரைசல் அடர்த்தியானால் குடல் தண்ணீரை உள்ளே இழுப்பதற்குப் பதிலாக வெளியே விடும், வயிற்றுப்போக்கில் முடியும். 13.5 கிராம் குளுக்கோஸ் உங்கள் ஒரு மணி நேரத் தேவைக்குப் போதாது என்பதையும் நினைவில் வையுங்கள். அது உப்புக்கும் நீருக்கும்தான், உணவுக்கு மாற்று ஆகாது.

எவ்வளவு குடிப்பது என்பதை உங்கள் வீட்டு எடை இயந்திரமே சொல்லும். ஓட்டுவதற்கு முன் உடையில்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, உடலைத் துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். குறைந்த எடையோடு குடித்த தண்ணீரின் எடையைக் கூட்டினால் அதுதான் உங்கள் வியர்வை.

மேற்கு மாம்பலம் | செவ்வாய், காலை 7.10

எல்லோரும் மாவுச்சத்தைச் சுற்றியே வருகிறீர்கள். நான் ஒன்றரை வருடமாக, மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் பேலியோ உணவில் இருக்கிறேன். காலையில் முட்டை, வெண்ணெய், பாதாம். பட்டினியோடு 100 கி.மீ. ஓட்டுகிறேன், பசியே வருவதில்லை. மெலிந்த மனிதனின் உடலில்கூடப் பல்லாயிரம் கலோரி கொழுப்பு இருக்கிறது. உடலை அதற்குப் பழக்கினால் மணி அடித்து மணி அடித்துத் தின்னும் தொல்லை இல்லை.

எதிர்காற்று | செவ்வாய், காலை 9.45

நீங்கள் சொல்வதில் பாதி சரி. உடலைக் கொழுப்புக்குப் பழக்க முடியும், ஒரே நிதானத்தில் 100 ஓட்டவும் முடியும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உயர்நிலை நடைப்போட்டியாளர்களை ஆஸ்திரேலியாவில் சோதித்து 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டியவர்களின் உடல், கொழுப்பை எரிக்க நன்றாகவே பழகியது. ஆனால் அதே வேகத்தில் நடக்க அவர்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டது. பயிற்சியால் கிடைத்திருக்க வேண்டிய முன்னேற்றம் போட்டி நேரத்தில் தெரியவில்லை.

கிண்டி பாலத்தில் ஏறும்போதும், மதியக் கடற்காற்றை எதிர்த்து மிதிக்கும்போதும், கடைசி ஒரு மணி நேரத்தில், நம் நேரத்தைப் பதியும் கட்டுப்பாட்டு நிலையம் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டியிருக்கும்போதும் மாவுச்சத்துதான் கைகொடுக்கும். உங்கள் உணவு உங்களுக்கு ஒத்துப்போனால் தொடருங்கள். ஆனால் புளியமரத்தடியில் காதடைத்து உட்கார்ந்த ஒருவருக்குப் பட்டினியைப் பரிந்துரைக்காதீர்கள்.

மேற்கு மாம்பலம் | செவ்வாய், காலை 10.20

பரிந்துரைக்கவில்லை ஐயா. என் அனுபவத்தைச் சொன்னேன். 200க்கு மேல் நான் ஓட்டியதில்லை என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

எதிர்காற்று | செவ்வாய், இரவு 9.00

கொளத்தூர் தம்பி தனிச்செய்தியில் பொடி இட்லி பற்றிக் கேட்டிருந்தார். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

முதல் நாள் இரவே இட்லி ஊற்றி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது பொடி போட்டால் வியர்த்துச் சொதசொதவென்று ஆகிவிடும். சிறிய இட்லியாக இருந்தால் ஒரே வாயில் போய்விடும், கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்தால் போதும். மிளகாய்ப் பொடியில் காரத்தைப் பாதியாகக் குறைத்து, உப்பை ஒரு படி கூட்டுங்கள். நல்லெண்ணெய் பிசறும் அளவுக்கு மட்டும். வழக்கம்போல் எண்ணெயில் மிதக்கவிட்டால் வயிற்றில் கல்லைப் போல் உட்கார்ந்துகொள்ளும். கொழுப்பும் நாரும் வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன, ஓட்டும்போது நமக்கு அது ஆகாது. உளுந்துப் பொடிக்கும் எள்ளுப் பொடிக்கும் நடுவே எது என்று கேட்டால், எனக்கு எள்.

வாழையிலைத் துண்டை அடுப்புத் தணலில் காட்டுங்கள். பளிச்சென்ற பச்சை கருத்து, இலை துணி போலத் துவளும். வாட்டாத இலை மடிக்கும்போதே நரம்பு வழியாகக் கிழிந்துவிடும். வாட்டிய இலையில் நான்கு நான்கு இட்லிகளாக வைத்து, நான்கு பக்கமும் மடித்து, மேலே ஒரு செய்தித்தாள் துண்டைச் சுற்றி நூல் கட்டுங்கள். முதுகுப் பையில் எண்ணெய் கசியாது. பகல் 11 மணிக்குப் பிரித்தாலும் இலை வாசனையோடு மென்மையாக இருக்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம், நம் வெயிலில் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. தயிர்ச்சாதத்தையும் பையில் சுமக்காதீர்கள், உட்காரும் இடத்தில் புதிதாகப் பிசைந்து சாப்பிடுங்கள். புளியோதரை தாங்கும், எலுமிச்சைச் சாதமும் தாங்கும். பெரியவர்கள் யாத்திரைக்குக் கட்டிக்கொண்டு போனவை காரணமில்லாமல் நிலைக்கவில்லை.

அடுத்தது பானகம். விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கும் பானங்களில் 100 மி.லி.க்கு 6 முதல் 8 கிராம் சர்க்கரை இருக்கும். நம் பானகத்தையும் அதே அளவுக்குக் கொண்டுவரலாம். 750 மி.லி. பாட்டிலுக்கு 45 கிராம் வெல்லம், பாதி எலுமிச்சம்பழம், ஒரு சிட்டிகை சுக்குத்தூள், ஏலக்காய் வேண்டுமானால். இதோடு கால் தேக்கரண்டி உப்பு. வெல்லத்தைக் கரைத்துத் துணியில் வடிகட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மண் பாட்டிலின் வாயை அடைத்துவிடும். ஒரு பாட்டிலில் சுமார் 40 கிராம் மாவுச்சத்தும் 500 மி.கி.க்கு மேல் சோடியமும் கிடைக்கும். வெல்லத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. குளுக்கோஸை மட்டும் கொடுத்தால் குடல் மணிக்கு 60 கிராம் வரைதான் உறிஞ்சும். ஃபிரக்டோஸுக்குக் குடலில் வேறு வாசல். வெல்லத்திலும் சர்க்கரையிலும் இருக்கும் சுக்ரோஸ் உடைந்தால் இரண்டும் சரிபாதியாகக் கிடைக்கின்றன, இரண்டு வாசலும் வேலை செய்யும். வயிறும் அவ்வளவாகப் புரட்டாது.

இன்னொரு பாட்டிலில் வெறும் தண்ணீர் இருக்கட்டும். வாய் திகட்டும்போதும் தலையில் ஊற்றிக்கொள்ளவும் வேண்டும்.

கேழ்வரகு | புதன், காலை 6.00

இந்த இழையில் பெண்களுக்கு என்று ஒன்றும் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். வயது 31. போன வருடம் வாரம் 200 கி.மீ. பயிற்சி செய்துகொண்டே எடையும் குறைய வேண்டும் என்று இரவுச் சாப்பாட்டை விட்டேன். நான்காவது மாதம் மாதவிடாய் நின்றுபோனது. உடல் நன்றாகப் பயிற்சி பெறுவதன் அறிகுறி என்று ஒரு பயிற்சியாளர் சொன்னார், நானும் நம்பினேன். படியேறினால் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் பரிசோதித்தேன். ஹீமோகுளோபின் 9.8. மருத்துவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இவ்வளவு ஓட்டுகிறாயே, இவ்வளவுக்குச் சாப்பிடுகிறாயா?"

சகோதரிகள் யாரும் அப்படி நம்பிவிடாதீர்கள்.

நெய்தல் | புதன், பகல் 1.15

கண்ணு, எழுதியதற்கு நன்றி. மாதவிடாய் நிற்பது பயிற்சியின் வெற்றி இல்லை. செலவுக்கு ஏற்ற உணவு வராததால் உடல் தனக்கு அவசரமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது என்று பொருள். அடுத்தது எலும்பு. இளம் வயதிலேயே எலும்பில் விரிசல் விழுந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். ஆண்களுக்கும் இது வரும், வெளியே தெரிய நாளாகும்.

பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. மாத்திரையை மருத்துவர் சொல்லி எடுங்கள். சாப்பாட்டில் செய்யக்கூடியது: முருங்கைக்கீரை, கம்பு, கொள்ளு, ஈரல் சாப்பிடுகிறவர்களுக்கு ஈரல். கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், நெல்லிக்காயும் நல்லது, வைட்டமின் சி இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். டிபனோடு காபியும் சாப்பாட்டோடு டீயும் குடிக்கும் பழக்கத்தை விடுங்கள், அவை இரும்புச்சத்தைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சுண்ணாம்புச் சத்துக்கு உங்கள் புனைபெயரே போதும், 100 கிராம் கேழ்வரகில் 300 மி.கி.க்கு மேல் இருக்கிறது.

கேழ்வரகு | புதன், பகல் 2.00

இப்போது 12.1 அக்கா. கூழ் தினமும் குடிக்கிறேன்.

வேளச்சேரி ஏரி | புதன், இரவு 8.30

எனக்கு வயது 52, எட்டு வருடமாகச் சர்க்கரை நோய், மாத்திரையில் இருக்கிறேன். வெல்லப் பானகம் என்று படிக்கும்போதே கை தயங்குகிறது. எனக்கெல்லாம் நெடுந்தூரம் ஒத்துவருமா?

நெய்தல் | புதன், இரவு 11.50

ஒத்துவரும் ஐயா, ஆனால் உங்கள் மருத்துவரிடம் பேசிய பிறகு. எந்த மாத்திரை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு ஓட்டும்போது சர்க்கரை ஒரேயடியாக இறங்குவது அரிது. கிளிமெப்பிரைடு போன்றவையோ இன்சுலினோ எடுத்தால் இறங்கும், ஓட்டி முடித்த அன்று இரவுகூட இறங்கும். நீண்ட நேரம் மிதிக்கும்போது தசை இன்சுலினின் உதவி அதிகம் இல்லாமலே சர்க்கரையை எடுத்துக்கொள்வதால், வீட்டில் உட்கார்ந்து குடிக்கும் பானகமும் ஓட்டும்போது குடிக்கும் பானகமும் ஒன்றல்ல. ஆனால் அளவை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். குளுக்கோமீட்டரைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரப் பயிற்சியிலிருந்து தொடங்கி, எண்களை எழுதிக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். கூட ஒருவர் இல்லாமல் போகாதீர்கள்.

பூவன் | வியாழன், காலை 7.40

ஓட்டாத நாள்களில் புரதம் எவ்வளவு? விடுதியில் முட்டை வாரம் இரண்டு நாள்தான்.

எதிர்காற்று | வியாழன், காலை 8.30

எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம். நானும் சைவம்தான், 70 கிலோவுக்குச் சுமார் 100 கிராம் வைத்துக்கொள்கிறேன். பருப்பு 60 கிராம் போட்டால் 14, அரைக் கோப்பை கொண்டைக்கடலைச் சுண்டலில் 7, பாலும் தயிருமாக முக்கால் லிட்டரில் 25, கைப்பிடி நிலக்கடலையில் 10, சோயா உருண்டை 30 கிராமில் 15. மீதி இட்லியிலும் சப்பாத்தியிலும் சோற்றிலும் தானாக வரும். விடுதிச் சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கும் என்பது நமக்குத் தெரியும், அதனால் நிலக்கடலையை ஊறவைத்து அறையிலேயே வைத்துக்கொள் தம்பி. ஓட்டி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் சோறும் பருப்பும் தயிரும் சேர்த்து ஒழுங்காகச் சாப்பிடு. புரதப் பொடி டப்பா தேவையில்லை.

கொளத்தூர் மிதி | ஞாயிறு, மாலை 5.10

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். நீங்கள் எல்லோரும் சொன்னதை இன்று சுமார் 170 கி.மீ.யில் செய்துபார்த்தேன்.

முதலில் வியர்வைக் கணக்கு. போன ஞாயிறு ஒரு மணி நேரம் ஓட்டினேன். முன்பு 71.4 கிலோ, பின்பு 70.6. இடையில் குடித்தது அரை லிட்டர். ஆக மணிக்கு 1.3 லிட்டர். கறுப்புச் சட்டையில் தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை வெள்ளைக்கோடு. நெய்தல் அக்கா சொன்ன ஆள் நான்தான்.

நேற்று இரவு சோறு, ரசம், உருளைக்கிழங்கு, தயிர். தட்டைப் பார்த்து மனைவி எதுவும் சொல்லவில்லை, இன்னொரு கரண்டி வைத்தார். காலை 3 மணிக்கு ஐந்து இட்லி, ஒரு பூவன் பழம். வெண்பொங்கல் சாப்பிடலாமா என்று யோசித்தேன், நெய் ஊற்றாமல் பொங்கல் எனக்கு இறங்காது என்பதால் விட்டுவிட்டேன். 5 மணிக்குக் கிண்டியிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் அச்சரப்பாக்கம் வரை போய்த் திரும்பும் வழி.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைப்பேசியில் மணி அடித்தது. முதல் ஒன்றரை மணி நேரம் பெரிய கஷ்டமாக இருந்தது, பசியே இல்லாமல் வாயில் போடுவது. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒருமுறை வயிறு உப்பிக்கொண்டது. வேகத்தைக் குறைத்தேன், பானகத்தை நிறுத்தி வெறும் தண்ணீர் குடித்தேன், பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. அதன் பிறகு பொடி இட்லியும் பானகமும் மாறிமாறி. மொத்தம் பன்னிரண்டு சிறிய இட்லி, நான்கு பழம், மூன்று பாட்டில் பானகம், மேல்மருவத்தூரில் ஒரு டீயும் தேங்காய் பன்னும், செங்கல்பட்டில் இரண்டு தம்ளர் உப்பு மோர்.

120வது கிலோமீட்டரில் பயந்துகொண்டே காத்திருந்தேன், காது அடைக்கிறதா என்று. அடைக்கவில்லை. கடைசியில் பெருங்களத்தூர் நெரிசலில் நின்று மிதித்தேன், கால் கேட்டதைக் கொடுத்தது. வீட்டுக்கு வந்து எடை பார்த்தால் 70.5. ஒரு கிலோவும் குறையவில்லை. முன்பு இதைக் கண்டால் மனம் வாடியிருப்பேன். இன்று கண் கலங்கிவிட்டது.

நெய்தல் | ஞாயிறு, மாலை 6.30

71.4க்கு 70.5 என்றால் இரண்டு சதவீதத்துக்குள் இருக்கிறது, அதுதான் வேண்டும். எடை கூடியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். மார்ச் வெயில் வேறு மாதிரி. இன்றிலிருந்தே வாரம் இரண்டு நாள் காலை 9 மணிக்கு மேலும் ஓட்டிப் பழகுங்கள், அளவோடு. உடல் வெப்பத்துக்குப் பழக இரண்டு வாரம்வரை ஆகும். பழகிய பிறகு வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பும் குறையும்.

எதிர்காற்று | ஞாயிறு, இரவு 8.00

வயிறு உப்பியது பழக்கமின்மை. குடலும் பயிற்சி வேண்டும் உறுப்புதான், நான்கைந்து நீண்ட ஓட்டங்களில் பழகிவிடும். 300இல் இரவு வரும், இனிப்பு அப்போது திகட்டும். அதற்கு உப்பும் காரமுமாக ஏதாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரத்தில் உட்கார்ந்து மோர்ச்சோறும் ஊறுகாயும் சாப்பிடுங்கள். அவசரப்படாமல், ஆனால் இலை எடுத்ததும் எழுந்துவிடுங்கள். அன்றைக்குப் புதிதாக எதையும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது, யார் எவ்வளவு அன்பாகக் கொடுத்தாலும்.

கொளத்தூர் மிதி | ஞாயிறு, இரவு 8.25

சரி அண்ணா. ஒரு விதிவிலக்கு மட்டும் கேட்கிறேன். 300 முடிந்த மறு வாரம் கூவத்தூருக்குப் போகிறேன். அந்த அம்மா கடையில் டீ குடிக்க வேண்டும். கையில் ஒரு கட்டு பொடி இட்லியும் கொண்டுபோகிறேன்.

பூவன் | ஞாயிறு, இரவு 8.40

நானும் வரட்டுமா? திருவான்மியூரிலிருந்து எத்தனை மணிக்கு?

கொளத்தூர் மிதி | ஞாயிறு, இரவு 8.45

5 மணிக்கு. சாப்பிட்டுவிட்டு வா தம்பி.